சோடி வீட்டின் இடது கதவு

எவருமே குடியிராத ஒரு வீட்டை ஒருவர் இருபது வருடங்களுக்கு மேலாகக் காவல் காத்தால், அவர் உண்மையில் காப்பது எதை? இந்தக் கேள்வி எடித்துக்கு எப்போதும் விடியற்காலையில்தான் வரும். அந்த நேரத்தில் அவளுடைய கணவர் கொன்ஸ்ரன்ரைன் ஒரு பள்ளத்துக்குள் நின்று கழுதையொன்றின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்.

"திரும்பன்! பின்னால வழி கிடக்கு, பார். உன்ர கொம்மாவும் இதுக்குள்ளதான் விழுந்தவ. அவ எண்டாலும் சொன்னாக் கேப்பா."

கழுதை கேட்காது. பள்ளத்தின் ஒரு பக்கம் செங்குத்தான கற்சுவர், மறுபக்கம் சாய்வான மண். விழுந்த கழுதை திரும்பிச் சாய்வில் நடந்தால் தானாகவே வெளியே வந்துவிடலாம். ஆனால் எந்தக் கழுதையும் திரும்பியதில்லை. சுவருக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, சுவர் ஒருநாள் விலகும் என்ற நம்பிக்கையில் நிற்கும். மன்னார்த் தீவில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே கொன்ஸ்ரன்ரைனுக்குக் காலை வேலைக்கும் பஞ்சமில்லை.

பள்ளத்தை வெட்டுவித்தவர் ஹாதர்லி துரை. முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கப்பலேறி வந்த ஆங்கிலேயர். சொந்த ஊரில் அவருடைய தகப்பனாருக்கு வயல்வெளி நடுவே பெரிய மாளிகை ஒன்று இருந்ததாம். ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில், பனைகளுக்கு நடுவே, அந்த மாளிகையைத் துரை ஞாபகத்திலிருந்து திருப்பிக் கட்டினார். முருகைக்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் ஊரில் கிடைத்தன. ஞாபகத்தில் விடுபட்டவற்றையும் கையில் காசு முடிந்தபின் எஞ்சியவற்றையும் தச்சர்கள் மரப்பலகையாலும் வர்ணத்தாலும் நிரப்பினார்கள்.

"துரைமாருக்கு வேலி இருக்கோணும்," என்று கொன்ஸ்ரன்ரைன் பள்ளத்தை விளக்குவார். "ஆனா வேலி கண்ணில படக்கூடாது. யன்னலால பாத்தா, வீட்டு வாசலில இருந்து கடல் மட்டும் புல்லு நேராப் போறமாதிரித் தெரியோணும்."

"புல்லு எங்க?" என்று யாராவது கேட்பார்கள்.

"மழைக்கு வரும்."

ஊரார் அதைச் சோடி வீடு என்பார்கள். அந்த வீட்டில் எதுவும் தனியாக இல்லை. வாசல் தூண் ஒன்றின் உச்சியில் கல்லில் செதுக்கிய அன்னாசிப்பழம் இருந்தால் மற்றத் தூணிலும் அன்னாசி. அந்தக் காலத்தில் அன்னாசியைக் கண்டிராத ஊரார் அதைத் தாழம்பழம் என்று முடிவு செய்துவிட்டார்கள். வலப்பக்கம் மூன்று யன்னல் என்றால் இடப்பக்கமும் மூன்று. ஆனால் இடப்பக்கத்து மூன்றில் ஒன்று சுவரில் தீட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் மேல்மாடி ஒன்று தெரியும். உள்ளே போனால் மேல்மாடி கிடையாது. யன்னல் வைத்த உயர்ந்த சுவர், அதன் பின்னால் ஓட்டுக்கூரை, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலானவை முன்விறாந்தையின் இரண்டு கதவுகள். வலது கதவு சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும். தேக்குக் கதவு. அதன் தலைமேல் விசிறியை விரித்து வைத்ததுபோல அரைவட்டக் கறுப்புச் சட்டம். இடது கதவும் அதே தேக்கு, அதே அரைவட்டம், அதே பித்தளைப் பிடி. அது எங்கேயும் போகாது. வெறும் சுவரின்மேல் அறைந்து நிறுத்திய கதவு.

"அப்ப இது ஏன்?" என்பார்கள் பார்க்க வந்தவர்கள்.

"மற்றதுக்குத் துணை," என்பார் கொன்ஸ்ரன்ரைன்.

மாதா மாதம் வலது கதவின் பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய் விடுவார். பிறகு இடது கதவின் பிணைச்சலுக்கும் விடுவார். அது கட்டிய நாளிலிருந்து ஒருமுறையாவது அசைந்ததில்லை. எடித் ஒருநாள் தாளிப்பதற்கு எண்ணெய் இல்லாமல் வந்து நின்று, "திறக்காத கதவுக்கு என்னத்துக்கு எண்ணெய்?" என்று கேட்டாள். "ஒண்டுக்கு வைச்சு மற்றதுக்கு வைக்காட்டி அது கோவிக்கும்," என்றார் அவர். அன்று அவர்கள் வீட்டில் தாளிக்காத குழம்பு.

அவரைப் பெரிய அறிவாளி என்று சொல்ல முடியாது. உண்மை பேசுபவர் என்று சொல்வதற்கும் சற்று யோசிக்க வேண்டும். துரை என்னவானார் என்று வாத்திமார் கேட்டால், காதல் தோல்வியில் ஊருக்குப் போய்விட்டார் என்பார். சுவாமிமார் கேட்டால், கடைசியில் மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றார் என்பார். வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டிமாரிடம் துரை கச்சான் காற்றில் கவிழ்ந்து கடலோடு போனார். "இதில எது சரி?" என்று எடித் கேட்டதற்கு, "கேக்கிற ஆளுக்கு எது பொருந்துதோ அது சரி. இதுவும் சோடி பாக்கிற வேலைதான்," என்றார். ஆனால் வீட்டின்மீது அவருக்கிருந்த பற்றில் பொய் இல்லை. பொய்க் கதவின்மீது ஒருவருக்கு மெய்யான பற்று இருக்கலாம் என்பதை எடித் அவரோடு வாழ்ந்துதான் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதில் பெரிய மகிழ்ச்சி என்று சொல்வதற்கில்லை.

வாசலில் தொல்பொருள் கந்தோரின் பலகை நின்றது. பாதுகாக்கப்பட்ட கட்டடம், எதையும் மாற்றுவதோ சேதப்படுத்துவதோ குற்றம் என்று மூன்று மொழியிலும் இருந்தது. அதற்குக் கீழே கொன்ஸ்ரன்ரைன் வாயால் சேர்த்துக்கொண்ட சட்டங்கள் வேறு. ஆணி அடிக்கக்கூடாது. கொடி கட்டி உடுப்புக் காயப்போடக்கூடாது. உள்ளே படுக்கக்கூடாது. நெருப்பு கூடவே கூடாது. பீடி பற்றவைப்பதற்கு அவரே பள்ளத்தைத் தாண்டிப் போய்விடுவார். மெழுகுதிரிக்கு மட்டும் அனுமதி உண்டு. "அது நெருப்பில்லை. செபம்."

அடுத்தது கதிரை. வேலை கிடைத்த அன்று கந்தோரில் கொடுத்த கைபிடிக் கதிரை. வீட்டுக்குச் சொந்தமில்லாத, கட்டடத்தோடு சேராத, அவருக்கென்றே வந்த ஒரேயொரு சாமான் அது. அதில் வேறெவரும் உட்காரக்கூடாது. இப்போது வெளியூரில் இருக்கிற மகள் பெற்றிசியா வயிற்றிலிருந்த காலத்தில் எடித் ஒருமுறை களைப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டே இருந்தார், அவள் எழும்பும்வரை. வவுனியாவிலிருந்து பரிசோதகர் வரும்போது மட்டும் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பி, பள்ளத்தைச் சுற்றி ஓடி, வாசலில் போய் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்.

சண்டைக் காலத்தில் வீட்டுக்குப் பார்வையாளர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் பார்க்க வந்தவர்களல்ல. ஒருமுறை இராணுவ அதிகாரி ஒருவர், கடலைக் கண்காணிக்க மேல்மாடி நல்ல இடம் என்று தூரத்திலிருந்தே தீர்மானித்துக்கொண்டு ஆட்களோடு வந்தார். கொன்ஸ்ரன்ரைன் வரவேற்று, வழக்கம்போலத் தூணிலிருந்து ஆரம்பித்து விளக்கினார். அதிகாரி அறை அறையாகப் போய்ப் படியைத் தேடினார்.

"மேல எங்க?" என்றார் கடைசியில்.

"முன்னால மட்டும்தான் மாத்தயா."

அதிகாரி வெளியே வந்து மேல்மாடியைப் பார்த்தார். மறுபடி உள்ளே போய்க் கூரையைப் பார்த்தார். போகிற வழியில் இடது கதவைத் திறக்கப் பார்த்தார். அதன்பிறகு இராணுவம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

வீட்டைச் சுற்றிக்காட்டும்போது கொன்ஸ்ரன்ரைன் குரலைத் தாழ்த்துகிற இடம் ஒன்றே ஒன்று, சாப்பாட்டு மண்டபத்தின் மேற்குச் சுவர். அங்கே இரண்டு குட்டைத் தூண்கள். தூண்களுக்கு மேலே நீளமான சலவைக்கல் தட்டு. கீழே, முழங்காலில் நின்றால் முகமட்டத்துக்கு வருகிற ஒரு மாடம். மாடத்தின் உட்புறம் முழுக்கக் கரிப்பிடித்திருந்தது.

"துரை செபம் பண்ணின பீடம். எவ்வளவு மெழுகுதிரி எரிஞ்சிருந்தா இப்பிடிக் கறுத்திருக்கும், யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். பீடமில்லாமல் அது வேறு என்னவாக இருக்க முடியும்? பின்பு யாரோ ஒருவர் அந்த மாடத்துக்குள் தொலைந்ததை மீட்டுத் தருகிற புனித அந்தோனியாரின் சுரூபம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். காலப்போக்கில் அவர் துரை அந்தோனியார் ஆனார். தொலைந்த வலைக்கும் தோணிக்கும் ஆட்கள் வந்து திரி கொளுத்தினார்கள். எடித்தும் கொளுத்தினாள். கலியாணத்துக்கு வந்த எவர்சில்வர் கரண்டி ஒன்று காணாமற் போயிருந்தது. அதை எடுத்தது படகோட்டி லோறன்ஸின் மனைவி கிறேஸ்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தோனியார் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் நல்லது என்று நினைத்தாள். இரண்டு வருடமாகக் கிறேஸோடு கதை இல்லை.

இப்படியிருக்கையில் ஒரு மார்கழியில் அடைமழை பிடித்தது. கடல் வெள்ளையாகக் கொதித்தது. கொன்ஸ்ரன்ரைனும் எடித்தும் குடியிருந்த ஓலைக் கொட்டில் சோடி வீட்டின் பின்புறம் இருந்தது. அதன் குசினிக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் போட்டது. அடுப்புக்குள் தண்ணீர் நின்றது. அந்தப் பின்னேரத்தில்தான் படகோட்டி லோறன்ஸ் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பெண்ணின் சேலைக்குள் ஒரு பச்சைக்குழந்தை.

"அண்ணை, இவை இலுப்பைக்கடவைப் பக்கத்து ஆக்கள். பெரியசாமி, மனிசி பாலம்மா. இந்தியாவுக்குப் போக வந்தவை. கடல் விடேல்லை. காத்து அடங்குமட்டும் விறாந்தையில இருக்கட்டும்."

"விறாந்தையில இருக்கலாம். சுவரில சாயக்கூடாது," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

பெரியசாமி ஈரத்தலையோடு கும்பிட்டான். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். இப்போது அங்கிருந்தும் எழும்பிவிட்டார்கள். விறாந்தைக்குள் சாரல் பக்கவாட்டில் அடித்தது. குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது. எடித் கணவரைக் கேட்கவில்லை. வலது கதவைத் திறந்து, "உள்ள வா பிள்ளை," என்றாள்.

மண்டபத்துக்குள் கால்வைத்த பாலம்மா மேற்குச் சுவரைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தவள் நடுக்கத்தை மறந்து நின்றாள்.

"ஏங்கம்மா, சாமிய ஏன் அடுப்புக்குள்ள வச்சிருக்கீங்க?"



"எது அடுப்பு?" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"இதுதாங்கய்யா. தொரை பங்களால எல்லாம் இருக்கும்ல. குளிருக்கு நெருப்புப் போட்டுட்டு முன்னால நாக்காலி போட்டு ஒக்காந்துக்குவாங்க. எங்க அம்மா பங்களா வேலதான் செஞ்சிச்சி. சாம்பல் அள்ள நானும் கூடப் போவேன்."

"இஞ்ச பார் பிள்ளை. இது மன்னார். இஞ்ச வெயிலுக்குக் கழுதையே நிழல் தேடுது. இதுக்குள்ள எந்த விசரன் நெருப்புப் போட்டுக் குளிர்காய்வான்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா இது அடுப்புங்க."

கொன்ஸ்ரன்ரைன் சொன்னதில் நியாயம் இருந்தது, பாலம்மா சொன்னதில் உண்மை இருந்தது. ஹாதர்லி துரை மட்டும்தான் இரண்டுமில்லாமல் நடந்துகொண்டவர். தகப்பனார் வீட்டில் நெருப்பு இருந்தது, ஆகவே இங்கேயும் வைத்தார். கொளுத்துகிற வெயிலில் ஒருவேளை ஒரேயொருமுறை மூட்டியும் பார்த்திருக்கலாம், கரி அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

"அடுப்பெண்டா புகை எங்கால போறது?" கொன்ஸ்ரன்ரைன் விடவில்லை.

பாலம்மா குழந்தையை எடித்தின் கையில் கொடுத்தாள். முழங்காலிட்டாள். அந்தோனியாருக்குப் பக்கத்தால் கையை மாடத்துக்குள் விட்டு மேலே துழாவினாள். "இங்கதான் ஒரு தகடு இருக்கும்," என்று எதையோ பிடித்து இழுத்தாள்.

இரும்பு கிறீச்சிட்டது. பிறகு வானம் இடிந்ததுபோல ஒரு சத்தம். கரியும் தூசியும் காய்ந்த சுள்ளியும் கம்பித் துண்டுகளுமாக, பல காலத்துக் காகக்கூடு ஒன்று மொத்தமாக அந்தோனியாரின் தலையில் இறங்கியது. எல்லாம் அடங்கிய பின், அவருடைய தலையிலிருந்து மெல்லச் சறுக்கித் தரையில் விழுந்து கிணிங் என்றது ஒரு எவர்சில்வர் கரண்டி.

எடித் அதை எடுத்துத் துடைத்தாள். பிடியில் அவளுடைய தகப்பனாரின் பெயரெழுத்து இருந்தது.

"என்ர அந்தோனியாரே!"

"பாத்தியா?" என்றார் கொன்ஸ்ரன்ரைன் பாலம்மாவிடம், வெற்றியோடு. "அடுப்பாம்! அடுப்பு கரண்டி எடுத்துத் தருமோ?"

"அக்கா," என்றான் லோறன்ஸ் வாசலில் நின்றபடி, "அந்தோனியாருக்கு நன்றி சொன்னது காணும். என்ர மனிசியிட்டையும் ஒருக்கா வந்து சொல்லுங்கோ."

எடித் காது கேளாதவள்போலக் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிய கை நின்றது. குழந்தை முனகுவதைக்கூட விட்டிருந்தது.

"இஞ்சேருங்கோ. பிள்ளை சில்லிட்டுப்போச்சு. நெருப்பு வேணும்."

கொன்ஸ்ரன்ரைன் மாடத்தைப் பார்த்தார். பலகை நின்ற வாசல் பக்கம் பார்த்தார். பீடத்தில் நெருப்பு மூட்டினால் அது அடுப்பென்று ஒப்புக்கொண்டதாகும். ஊரே அடுப்புக்கு முன்னால் முழங்காலில் நின்றதாகும். கந்தோருக்குத் தெரிந்தால் வேலை போகும், கொட்டிலும் போகும். இதெல்லாம் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போனதை எடித் பார்த்தாள். பிறகு அவர் குனிந்து, அந்தோனியாரின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்.

"கூடு காய்ஞ்சிருக்கு. பத்தும்," என்றார்.

பற்றியது. புகை முதலில் மண்டபத்துக்குள் வந்து எல்லோரையும் இருமவைத்துவிட்டு, வழி ஞாபகம் வந்ததுபோல மேலே போனது. ஆனால் காகக்கூடு எவ்வளவு நேரத்துக்கு? வெளியே விறகு, மட்டை, பாளை எல்லாம் ஊறிக் கிடந்தன. கூட்டின் கடைசிச் சுள்ளி சிவந்தபோது எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. மழைக்கு உள்ளே தூக்கிவைத்த கைபிடிக் கதிரை. நன்றாகக் காய்ந்த மரம். கட்டடத்தோடு சேராதது. எரித்தாலும் எந்தச் சட்டமும் மீறப்படாது.

பெரியசாமி கதிரையைப் பார்த்துவிட்டு மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தான்.

கொன்ஸ்ரன்ரைன் மூலையிலிருந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விறாந்தையில் இரும்பு மரத்தில் இறங்கும் சத்தம் கேட்டது. பிடுங்கும் சத்தம். ஏதோ பெரிதாகப் பிளக்கும் சத்தம். இடது கதவை, அரைவட்டச் சட்டத்தோடும் பித்தளைப் பிடியோடும், சிலுவை சுமப்பவரைப்போல முதுகில் சுமந்துகொண்டு அவர் உள்ளே வந்தார்.

"ஐயோ! கதிரை கிடக்குதேயப்பா!" என்றாள் எடித்.

அவர் கோடரியால் கதவைக் கொத்தி நெருப்பில் வைத்தார். பழைய தேக்கு. வர்ணம் நாறிக்கொண்டு முதலில் எரிந்தது, பிறகு மரம் வாசத்தோடு நின்று எரிந்தது. தரையில் நின்ற அந்தோனியாரை அவர் தூக்கினார். சலவைக்கல் தட்டு காலியாகத்தான் இருந்தது. அதில் வைக்கவில்லை. கதிரையை நெருப்புக்கு முன்னால் இழுத்துப்போட்டு அதில் இருத்தினார். கரிபிடித்த முகத்தோடு அந்தோனியார் துரைமாரைப்போல உட்கார்ந்து குளிர்காய்ந்தார்.

குழந்தை சற்று நேரத்தில் வீறிட்டது. அதைக் கேட்டுப் பாலம்மா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. அழுகிறாளோ என்று எடித் குனிந்து பார்த்தாள், சிரிப்புத்தான்.

"எங்க தொரையும் இப்பிடித்தாங்க ஒக்காந்திருப்பாரு," என்றாள்.

கடல் விட்டதும் லோறன்ஸ் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். அக்கரை சேர்ந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. எடித் கிறேஸின் வீட்டுக்குக் கரண்டியைக் கொண்டுபோய்க் காட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாள். அந்தோனியார் மாடத்துக்குத் திரும்பினார். அந்தோனியார் கதிரையில் இருந்து குளிர்காய்ந்தார் என்ற கதை ஊரில் பரவ, திரி கொளுத்த வருகிறவர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை. அவருக்கும் குளிரும்தானே என்றார்கள்.

மிஞ்சியது விறாந்தை. இடது கதவு நின்ற இடத்தில் கதவளவுக்கு வெள்ளைச் சுவர், பல் விழுந்த வாயைப்போல. அப்போதுதான், தைக்குப் பின் பரிசோதகர் வருகிறார் என்று சொல்லியனுப்பினார்கள்.

எடித் ஒரு யோசனை சொன்னாள். "லோறன்ஸிட்டைச் சொன்னா வள்ளப் பலகையில ஒரு கதவு அடிச்சுத் தருவான். பெயின்ற் அடிச்சு நிப்பாட்டினா ஆருக்குத் தெரியும்?"

"பொய்க் கதவு வைக்கச் சொல்லுறியோ?"

"முந்தி இருந்தது மட்டும் என்ன கதவாம்?"

"அது உண்மையான பொய்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "துரை வைச்ச பொய். நான் ஆர் பொய் வைக்க?"

துரையின் சாவுக்கு மூன்று கதை வைத்திருக்கிற மனிதர் இதைச் சொன்னதை எடித் நம்பமுடியாமல் பார்த்தாள். "வேலை போனா எங்க போறது?" என்றாள். அவர் கழுதை கத்துகிறது என்று சொல்லிவிட்டுப் பள்ளத்துக்குப் போனார். உண்மையாகவே கழுதை கத்தியது.

பரிசோதகர் வந்த அன்று காலை கொன்ஸ்ரன்ரைன் வெள்ளைச் சட்டை போட்டார். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், இடது கதவு நின்ற வெள்ளைச் சுவருக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தார். முதுகைச் சுவரோடு ஒட்டினார். கறுப்புக் குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். வானத்தில் மழையும் இல்லை. விறாந்தைக்குள் வெயிலும் இல்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. எடித் கணவரைப் பார்த்தாள். இப்போது துள்ளி எழும்புவார், ஓடுவார். அவருடைய குதிக்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. மறுபடி தரையில் பதிந்தன.

"வாங்கோ ஐயா!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினார். "எடித் கூட்டிக்கொண்டு போவா!"

பரிசோதகர் மெலிந்த, களைத்த மனிதர். சோதனைச்சாவடிகளில் இறங்கி இறங்கி வந்த தூசி முகமெல்லாம் இருந்தது. குடையைப் பார்த்தார். ஏதோ சுகமில்லை என்று நினைத்திருக்க வேண்டும். எடித்தின் பின்னால் உள்ளே போனார். கொன்ஸ்ரன்ரைனின் குரல் சுவரைத் தாண்டிக் கூடவே வந்தது. "இப்ப வலப்பக்கம் பாருங்கோ ஐயா! அந்த யன்னல் உண்மை! அதுக்குச் சோடியா வெளியில தெரியிறது வர்ணம்!"

மேற்குச் சுவரில் பரிசோதகர் நின்றார். "இதுதானே அந்தப் பீடம்? அந்தோனியாருக்கு ஏன் முகம் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு?"

வெளியிலிருந்து குரல் வரவில்லை. முதல்தடவையாக அந்த இடத்தில் கொன்ஸ்ரன்ரைன் ஒன்றும் சொல்லவில்லை.

"கடற்கரையில இருக்கிறவர் ஐயா," என்றாள் எடித். "வெயில்."

பரிசோதகர் வெளியே வந்தார். முற்றத்தில் இறங்கி, சற்றுப் பின்னால் போய், வீட்டின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். வலப்பக்கம் கதவு, கதவுக்குமேல் கறுப்பு அரைவட்டம். இடப்பக்கம் கொன்ஸ்ரன்ரைன், கொன்ஸ்ரன்ரைனுக்குமேல் கறுப்புக் குடை. பரிசோதகரின் பார்வை வலத்திலிருந்து இடத்துக்கும் இடத்திலிருந்து வலத்துக்கும் போய்வந்தது.

"கொன்ஸ்ரன்ரைன், மழை இல்லையே?"

"இல்லை ஐயா."

"வெயிலும் இல்லை."

"ஓமய்யா."

"அப்ப கொஞ்சம் எழும்புங்கோவன்."

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்துக்குள் தொப்பென்று ஒரு சத்தம். தொடர்ந்து, நெஞ்சைப் பிளக்கிற கழுதைக் கத்தல்.  இருபது வருடத்தில் அந்தக் கத்தலுக்கு அவர் எழும்பாத நாளில்லை. காய்ச்சலோடு எழும்பியிருக்கிறார். சாப்பாட்டுக் கையோடு எழும்பியிருக்கிறார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது.  அவர் எழும்பவில்லை.

கழுதை மறுபடி கத்தியது. பரிசோதகர் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார்.

"தள்ளாதேங்கோ ஐயா!" என்று கொன்ஸ்ரன்ரைன் கதிரையிலிருந்து கத்தினார். "திருப்போணும்! கழுத்தைக் கட்டிப்பிடிச்சுத் திருப்புங்கோ! கொம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ, கேக்கும்!"

கழுதை ஏறியது. பின்னால் பரிசோதகரும் ஏறினார், இடுப்புவரை சேறு. வீட்டின் பக்கம் அவர் திரும்பவில்லை. எதையாவது கண்டாரா, கண்டும் விட்டாரா என்று எவருக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிள் சத்தம் பனைகளுக்குள் தேய்ந்து மறைந்தது.

"போயிட்டார். எழும்புங்கோ," என்றாள் எடித்.

அவர் எழும்பவில்லை.

அவள் கதிரையின் கைபிடியில் கைவைத்தாள். அவர் இருமவில்லை. "அண்டைக்கு இதை எரிச்சிருக்கலாம். ஒரு கரைச்சலும் வந்திராது. ஏனப்பா கதவைப் பிடுங்கினீங்கள்?"

கொன்ஸ்ரன்ரைன் தலையைத் திருப்பி வலது கதவின் அரைவட்டத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு குடையை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி, அதற்குச் சோடியாக நேராகப் பிடித்துக்கொண்டார்.